ஒன்று முப்பத்தைந்துக்கு ஒரு கையெழுத்து

அத்தியாயம் ஏழு

"அவன வெளிய உக்காரச் சொல்லு. உள்ள பெரியவங்க பேசிட்டிருக்கறோம்" என்றார் பொங்கியண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் ம்யூனிக் என்ற ஊரில் நாலு தேசத்துப் பெரிய மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு செக்கோஸ்லோவேகியாவைக் கூறு போட்டார்கள். யார் நாட்டைக் கூறு போட்டார்களோ, அந்த நாட்டுக்காரனை வெளியே காத்திருக்க வைத்தார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, கோந்து தடவி, பெரிய நோட்டில் ஒட்டி வைத்தவர் அப்துல் வஹீது. இன்றைக்கு அவரையே வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே அவர் கதையை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

1938 அக்டோபர் ஐந்தாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொரு மணி. பீளமேடு உலக விவகார ஆராய்ச்சிக் கழகம். பெயர்தான் நீளம், இருப்பது இரண்டு அறை. ஒரு ரேடியோ, சுவர் நிறைய உலகப் படங்கள், கப்பலில் வந்து சேரும் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகள். யுத்தம் வருமா, வந்தால் தன் பஞ்சு எங்கே போகும் என்று தெரிந்துகொள்வதற்காக மில் முதலாளி பொங்கியண்ணன் ஆரம்பித்தது. உட்கார்ந்து படித்து எழுதுகிற ஆராய்ச்சிக்காரர் வஹீது ஒருவர்தான். மற்றபடி காரியதரிசி திருமலைசாமி, புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதுரை. ஆக மூன்று பேர் சம்பளக்காரர்கள், ஒரு முதலாளி.

நான் ராமாமணி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். வாய்த்துடுக்கிலும் ஹையர் பாஸ் என்பார் என் வீட்டுக்காரர். துப்பறியும் ஐயாசாமியிடம் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஐயாசாமி அண்ணன் மிஷன் பள்ளியில் படித்தவர், பட்டாளத்து எழுத்தராக மெசபொடேமியா வரை போய் வந்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அவருடைய கோபத்தையும் சேர்த்து நானே படவேண்டியிருக்கிறது.

பொங்கியண்ணன் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை மேஜையின் ஓரத்தில் வைத்து, கையை எடுத்துக்கொண்டார். அண்ணன் கையில் கொடுக்கவில்லை. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அண்ணனின் அப்பா, பொங்கியண்ணனின் அப்பா தோட்டத்தில் பண்ணையாள். அந்தக் கணக்கு முதலாளிக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஐயாசாமி, நீ நம்ம தோட்டத்துல பொறந்தவன். அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். ஜப்பான்காரன் ஒருத்தன் பஞ்சு வாங்கறேன்னு வந்து ஸ்டேஷன்கிட்ட லாட்ஜுல தங்கியிருந்தான். கொழும்பு போய்க் கப்பலேறிட்டான். அவன் ரூம்ல இது கெடந்துது. படிச்சுப் பாரு. 'ஏ. டபிள்யூ.'ன்னு பதினோரு எடத்துல எழுதிருக்கறான். தேதி, மணி, பீளமேடு. நம்ம வஹீது அவனைப் பதினோரு தடவ பாத்திருக்கறான். ரயில் பாதை, பைக்காரா அணைக் கரண்டு, எல்லாத்தையும் சொல்லிப்போட்டான்."

"நீங்க என்ன எதிர்பாக்கறீங்க?" என்றார் அண்ணன்.

"ரெண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாரார். விசாரிச்சோம், உண்மைதான்னு நீ எழுதிக் குடு. நானும் கையெழுத்துப் போடறேன். அவ்வளவுதான் உன் வேலை."

அடப்பாவி! விசாரணைக்கு முன்னாலேயே தீர்ப்பு, தீர்ப்புக்கு ஒரு துப்பறிகிறவன் முத்திரை. நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

வராந்தாவில் வஹீது முழங்காலில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். சட்டைக் கையில் கோந்துக் கறை.

"ஊட்டுல தெரியுமாங்க?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமாங்க? காலைல ஊட்டுக்காரர் எங்க சாமானையெல்லாம் வீதில எடுத்து வெச்சுப்போட்டார். ஒத்தனுக்கு எடம் குடுக்க மாட்டேன்னுட்டார். என் சம்சாரம் ஜாஹிதா பாத்திரத்துக்குக் காவலா நடு வீதில உக்காந்திருக்கறா."

ஒற்றன்! இந்த மனிதரை இரண்டு மணிக்குப் பிடித்துக்கொண்டு போனால் பிறகு எந்தக் கோர்ட்டு விட்டாலும் ஊர் விடாது.

அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த ஜப்பான்காரனைப் பாத்திருக்கீங்களா?"

"கண்ணால கண்டதில்லைங்க. அந்த நோட்டுல நாலு வெள்ளிக்கிழமை இருக்குது, நாலும் பன்னண்டு மணி சுமாருக்கு. வெள்ளிக்கிழமை அந்நேரத்துக்கு நான் கோட்டைமேட்டுப் பள்ளிவாசல்ல இருப்பேன். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"முதலாளிகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. 'உன்ற ஆளுக உனக்குத்தான் சாட்சி சொல்லுவாங்க'ன்னுட்டாருங்க."

"இப்ப என்ன எழுதிட்டிருந்தீங்க?"

வஹீது மடியிலிருந்த காகிதக் கட்டைப் பிரித்தார். சீனாவில் ஜப்பான் நடத்துகிற யுத்தத்துக்கு யார் யார் சரக்கு கொடுக்கிறார்கள் என்ற ஆராய்ச்சி. ஒரு வருஷ உழைப்பு. நம் ஊரில் சீனாவுக்காகக் கூட்டம் போட்டுக் கண்ணீர் விடுகிறோம், நம் பஞ்சு கொழும்பு வழியாக ஜப்பான் பட்டாளத்துக்குத்தான் போகிறது என்று முடித்திருந்தார். கடைசிப் பக்கத்தில், ஒரு இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து கத்தரித்த படம். ஏதோ ஜப்பான் துறைமுகம், சிப்பாய்கள், அடுக்கிய பஞ்சுப் பொதிகள். பொதிகளின் மேல் ஒரு முத்திரை. வளைந்த இரண்டு கொம்பு, நடுவே ஒரு வட்டம்.

"கட்டுக் கம்பி போட்டிருக்கற விதம் நம்ம பக்கத்து விதங்க. முத்திரை யாருதுன்னுதான் தெரியலை. இங்க மூணு பேர்கிட்டயும் காட்டிக் கேட்டேன். மூணு பேரும் தெரியாதுன்னாங்க."

"எப்ப காட்டினீங்க?"

"பத்து நாளாச்சுங்க."

அண்ணன் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு ஆள் அகப்பட்டுவிட்டது. உள்ளே வந்ததும் அண்ணன் காதில் ஓதினேன். "தம்பிதுரைதாங்ணா. அவனுக்குக் கெடைக்கவேண்டிய வேலைய வஹீதுக்குக் குடுத்துட்டாங்க. அவன் அண்ணன் உடுமலைப்பேட்டையில பஞ்சு தரகு. போதாதுங்களா?"

"போதும் அம்மணி. ஒருத்தன் மேல பொறாமைப்பட்டான்னு சொல்லறதுக்குப் போதும்" என்றார் அண்ணன். "மொதல்ல இந்தப் பதினொண்ணையும் டைப் அடி. தேதி வரிசைல வேண்டாம், கெழம வரிசைல அடி."

கழகத்தின் பழைய மிஷினில் உட்கார்ந்தேன். நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. யார் கை என்று கண்டுபிடிக்க முடியாதபடி எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதியிருந்தது. திங்கட்கிழமை, ஜூலை 18, காலை ஒன்பது ஐந்து. இன்னொரு திங்கள், அதே ஒன்பது ஐந்து. செவ்வாய், ஆகஸ்ட் 2, மாலை நாலு முப்பத்தைந்து. புதன், ஆகஸ்ட் 17, பகல் ஒன்று முப்பத்தைந்து. வெள்ளி நான்கும் பன்னிரண்டு ஐந்து. சனி மூன்றும் பத்து முப்பத்தைந்து.

என் விரல் தானாக நின்றது.

எங்கள் வீட்டில் மாமியாருக்கு ராகுகாலம் என்றால் ஊரடங்கு உத்தரவு மாதிரி. திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது, செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை, புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. வாசற்படியில் கை நீட்டி மறித்து நிற்பார். எத்தனை நாள் அதனால் வேலைக்குத் தாமதமாக வந்து அண்ணனிடம் அசடு வழிந்திருக்கிறேன்!

"அண்ணா, இந்த ஜப்பான்காரனுக்கு எங்க மாமியாரைத் தெரியுமாங்க?"

அண்ணன் சிரித்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு. "பதினொண்ணும் அப்படித்தானா?"

"பதினொண்ணும் ராகுகாலம் முடிஞ்சு அஞ்சு நிமிஷங்க. ஒண்ணுகூடத் தப்பலை. டோக்கியோவுல எவன் ராகுகாலம் பாக்கறான்?"

"பொய்ச் சந்திப்புக்குக்கூட நேரம் பாத்திருக்கறான் பாரு அம்மணி. கெட்ட நேரத்தை எழுதறதுக்குக்கூடக் கை வரலை." அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். "இன்னிக்கு என்ன கெழமை?"

"புதன்."

"நல்லதாப் போச்சு. மூணு பேரும் கையெழுத்துப் போட மூணு தாள் வேணும். ரெண்டை நீ அடி. நோட்டை மொதமொதல்ல எப்பப் பாத்தேன், யார் கையில பாத்தேன், அவ்வளவுதான். மூணாவதை நான் அடிக்கறேன்."

அண்ணன் இரண்டு விரலால் டைப் அடிப்பார். ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒரு சாகுபடி முடிந்துவிடும். எட்டிப் பார்த்தேன், மறைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு பத்துக்கு மூன்று தாளும் மேஜை மேல் இருந்தன. "இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள கையெழுத்து வேணுங்க. இப்பவே போட்டுட்டா நல்லது" என்றார் அண்ணன்.

தம்பிதுரை நறுக்கென்று பேனாவைத் திறந்தான். சுயமரியாதைக் கூட்டத்துக்குப் போகிறவன் என்று அப்புறம்தான் தெரிந்தது. "ராகுகாலம்னு திருமலைசாமி முனகறார். நான் அதுக்குன்னே போடறேன்" என்று சொல்லி, பெரிதாக வளைத்துப் போட்டான். "ஆனா ஒண்ணு எழுதிக்குங்க. வஹீது மேல எனக்குப் பொறாமைதான், இல்லீங்கல. அதுக்காக அந்த ஆளு ஒத்தன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்."

போச்சு. என் குற்றவாளி கை நழுவிப் போனான். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

திருமலைசாமி கண்ணை மூடி, முருகா என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போட்டார். பசி அவருக்கு. ராகுவைவிட வயிறு பெரிது.

"உங்களதுங்க" என்று மூன்றாவது தாளைப் பொங்கியண்ணன் முன்னால் நகர்த்தி வைத்தார் அண்ணன். அவரே அடித்த தாள்.

"வெச்சுட்டுப் போ, போடறேன்" என்றார் அவர்.

அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு இருபதுக்குப் பேனா முள் சரியில்லை. என் பேனாவைக் கொடுத்தேன், மை நிறம் பிடிக்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு மில்லுக்குப் போன் பேச வேண்டும் என்றார், ஒன்றேகால் வரை பேசினார். எதிர்முனையில் யாராவது இருந்தார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஒன்று இருபதுக்கு மோர் கேட்டார். மோர் குடிக்கிற சாக்கில் மடியிலிருந்த கடிகாரத்தை மூன்று தடவை எடுத்துப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேரம் பார்த்து அந்த நோட்டை எழுதிய கை இதுதான். சீனாவுக்காக நிதி திரட்டுகிற கூட்டத்தில் மாலை போட்டுக்கொண்டு அழுதவர் இந்த மனிதர்!

"ஒருக்கா படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றார் அண்ணன்.

"என்ன?"

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கன்னேனுங்க. கையெழுத்துன்னா சும்மாவாங்க?"

பொங்கியண்ணன் முகம் சிவந்தது. "ஏண்டா, பண்ணையாள் மகன் எழுதினதை நான் ஒக்காந்து படிச்சுத் திருத்தோணுமா? நான் சொன்னதத்தானே எழுதிருப்பே? எழுதக் கத்துக்கிட்டா எங்களுக்கே வாத்தியார் ஆயிருவியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மேஜை மேல் இருந்த உலக உருண்டையைத் தூக்கி அந்த ஆள் தலையில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றிற்று. இரண்டு கையாலும் டைப்ரைட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

சுவர்க் கடிகாரம் ஒன்றரை அடித்தது. அவர் அசையவில்லை. தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று முப்பத்தைந்துக்கு, பிடிக்காத அந்த மையாலேயே, படபடவென்று கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினார்.

அண்ணன் அதை எடுத்து ஊதிக் காயவைத்தார். பிறகு முதன்முறையாக அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, அந்த அஞ்சு நிமிஷம் எதுக்குங்க?"

"எந்த அஞ்சு நிமிஷம்?"

"ராகுகாலம் ஒன்றரையோட முடிஞ்சுதுங்க. கடியாரம் முன்னப் பின்ன ஓடினாலும் தப்பாம இருக்கோணும்னு அஞ்சு நிமிஷம் சேத்துக்கறீங்க. அந்த ஜப்பான்காரனும் அப்படித்தாங்க. பதினோரு தடவையும் சேத்திருக்கறான்."

தம்பிதுரை மெதுவாக எழுந்து நின்றான்.

பொங்கியண்ணன் சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார். அதற்குத்தான் முதலாளி. "போடா கூறு கெட்டவனே! இந்த ஜில்லாவே ராகுகாலம் பாக்குது. இதையா இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லப்போறே?"

"இதை மட்டும் சொன்னாச் சிரிப்பாருங்க. அதனால இன்னொண்ணையும் சொல்லறேன்." அண்ணன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நான் அடித்த பட்டியலின் பின்புறம் வரைந்தார். வளைந்த இரண்டு கொம்பு, நடுவே ஒரு வட்டம். "வஹீது காட்டின படத்துல இருக்கற முத்திரை. தெரியாதுன்னீங்களாமா. உங்க மில் முத்திரை வேற, கோயமுத்தூர்ல எல்லாருக்கும் தெரியும். இது உங்கப்பா தோட்டத்து மாட்டுக்குப் போடற சூட்டுக் குறி. டவுன்ல ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு பொதில போட்டீங்க. காஞ்ச கம்பி வெக்கறப்ப மாட்டோட காலை அமுத்திப் புடிச்சது யாருங்க? எங்கப்பன். ஒதை வாங்கி ரெண்டு விலா எலும்பு போச்சு. நான் அந்தக் குறியைச் செத்தாலும் மறக்க மாட்டேனுங்க."

பொங்கியண்ணன் வாய் திறந்தபடி இருந்தது. பொதியில் போட ஒரு அடையாளம் தேடியபோது அவருக்கு அந்த மாடுகள் ஞாபகம் வந்திருக்கிறது. அவற்றைப் பிடித்த ஆள் ஞாபகம் வரவில்லை.

"ஜப்பானுக்குச் சரக்கு அனுப்பினது நீங்க. அதைக் கண்டுபிடிச்சவனை ஜப்பான் ஒத்தன்னு புடிச்சுக் குடுக்கப் பாத்ததும் நீங்க. படத்தைப் பாத்து ஒரு வாரத்துக்குள்ள நோட்டுப் புத்தகம் வந்துருச்சு."

"இன்ஸ்பெக்டர் எனக்கு வேண்டப்பட்டவர். உன் பேச்சு எடுபடுமா, என் பேச்சு எடுபடுமா, பாத்துரலாம்" என்றார் பொங்கியண்ணன். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"உங்க பேச்சுதாங்க எடுபடும். அதுதான் வாங்கி வெச்சுட்டேன்" என்று அண்ணன் அந்தத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "படி அம்மணி, சத்தமா."

படித்தேன். முதல் வரியிலேயே என் குரல் உடைந்தது, சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. 'லாட்ஜில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட நோட்டுப் புத்தகம் பொய்யாகத் தயாரிக்கப்பட்டது என்பதை அறிந்துகொண்டேன். ஆராய்ச்சியாளர் அப்துல் வஹீது மீது எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சீன யுத்தமும் நம் பஞ்சும் பற்றிய அவருடைய அறிக்கையை, புகைப்படத்துடன், கழகத்தின் பெயரால் சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்.' கீழே, ஒன்று முப்பத்தைந்து மணிக்கு, பொங்கியண்ணனின் கொழுத்த கையெழுத்து.

"இது மோசடி!" என்று அவர் கத்தினார்.

"ஒன்றேகால் மணி நேரம் உங்க முன்னால கெடந்துதுங்க. படிச்சுப் பாருங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். மூணு பேர் சாட்சி" என்றார் அண்ணன். "இன்ஸ்பெக்டர் வந்தா ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தெரிஞ்சுதான் போட்டேன்னு சொன்னாப் பெரிய மனுசன்னு பேர் வாங்குவீங்க. தெரியாம போட்டேன்னு சொன்னா, அந்த ஒன்றேகால் மணி நேரம் எதுக்குக் காத்திருந்தீங்கன்னு கேப்பாரு. அம்மணி எல்லாத்தையும் நேரத்தோட எழுதி வெச்சிருக்குது."

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தாளைப் படித்தார். பொங்கியண்ணனைப் பார்த்தார். பொங்கியண்ணன் உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார். அந்த மூன்று சொல்லுக்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. அவரைக் கைது செய்யவில்லை. யார் செய்யப்போகிறார்கள்? நோட்டுப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்கக்கூட இல்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

வஹீதிடம் நானே போய்ச் சொன்னேன். குதிப்பார், அழுவார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டு, காகிதக் கட்டைச் சீராக மடித்துக் கட்டினார்.

"தாங்க்ஸுங்க" என்றார் அண்ணனைப் பார்த்து. "ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசல்ல இருந்தேன்னு நாலு நாளாச் சொன்னேன். பக்கத்துல நின்னு தொழுதவங்க இருநூறு பேர் இருக்கறாங்க. ஒருத்தர்கூடப் போய்க் கேக்கலை. நீங்களும் போகலை. பஞ்சாங்கம் சொன்னதைத்தான் நம்பினீங்க. அந்த ஆளு ராகுகாலம் பாக்காதவரா இருந்திருந்தா, நான் இப்ப எங்கீங்க இருப்பேன்?"

வஹீது கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதை ஸ்டேஷன் தபாலில் சேர்த்துவிட்டு, அப்புறம் வீதியில் கிடக்கிற சாமான்களை எடுத்து வைக்கப் போக வேண்டும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் கூடவே நடந்தோம். அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.